1:150 அளவில் ஒரு டி 51: கட்டோ நிறுவனத்தின் நீராவி என்ஜின் மாதிரி பற்றிய மதிப்பீடு

ஜப்பானின் கட்டோ நிறுவனம், 'என் கேஜ்' எனப்படும் 9 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்துக்காகச் செய்து விற்கும் டி 51 வகை நீராவி என்ஜினே இந்த மதிப்பீட்டின் பொருள். அந்த வகையில் பல வடிவங்கள் வெளிவந்திருந்தாலும், நான் வாங்கிப் பயன்படுத்திவருவது 498 ஆம் எண் கொண்ட என்ஜினின் மாதிரி. இதைக் கண்ணாடிப் பேழையில் நிறுத்திவைத்துப் பார்ப்பவரும் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்ப்பவரும் ஒரே தீர்ப்பை வழங்க மாட்டார்கள். நின்றிருக்கும்போது இது நேர்த்தியான மாதிரிதான். ஆனால் இதைவிட நுணுக்கமாகப் பித்தளையில் செய்யப்பட்டவை ஜப்பானிலேயே கிடைக்கின்றன. ஓடும்போது, அதிலும் மிக மெதுவாக ஓடும்போது, இந்த விலையில் இதற்கு நிகரான இன்னொன்றை நான் கண்டதில்லை. எனவே இந்த மதிப்பீட்டில் ஓட்டத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

மூல என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் மாதிரியில் எது சரி, எது விட்டுக்கொடுத்தல் என்று பிரித்துப் பார்க்க முடியும். ஜப்பானிய வகைப்பெயர்களில் 'டி' என்ற எழுத்து நான்கு இயக்கச் சக்கர அச்சுகளையும், 50 அல்லது அதற்கு மேற்பட்ட எண், நிலக்கரியையும் நீரையும் தனி வண்டியில், அதாவது டெண்டரில், ஏற்றிச் செல்லும் என்ஜினையும் குறிக்கும். 1936 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு ரயில்வேக்காக 1,115 டி 51 என்ஜின்கள் கட்டப்பட்டன. ஒரே வகையில் இத்தனை நீராவி என்ஜின்கள் ஜப்பானில் வேறெப்போதும் கட்டப்பட்டதில்லை. பின்னாளில் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் திட்டத்தின் தலைமைப் பொறியாளராகப் புகழ்பெற்ற ஷிமா ஹிதெயோ இதன் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர். இயக்கச் சக்கரத்தின் விட்டம் 1,400 மில்லிமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். இது சரக்கு இழுப்பதற்கென்றே பிறந்த என்ஜின். பயணிகள் ரயிலின் பகட்டு இதனிடம் கிடையாது. 1975 டிசம்பர் 24 அன்று ஹொக்கைடோவின் யூபாரி பாதையில் அரசு ரயில்வேயின் கடைசி நீராவிச் சரக்கு ரயிலை இழுத்ததும் ஒரு டி 51 தான்.

498 ஆம் எண் என்ஜின் 1940இல் கோபே நகரத்துத் தகாதோரி பணிமனையில் கட்டப்பட்டது. பணி ஓய்வுக்குப் பின் குன்மா மாநிலத்தின் கோகன் ரயில் நிலையத்தில் காட்சிப்பொருளாக நின்றிருந்த அதைக் கிழக்கு ஜப்பான் ரயில்வே 1988இல் பழுதுபார்த்து மீண்டும் ஓடவிட்டது. அவ்வாண்டு இறுதியில், ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு வந்திருந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் பெட்டிகளையும் அது இழுத்தது. அதன் பிறகு தகாசாகி நகரைத் தளமாகக் கொண்டு, அங்கிருந்து மினாகாமி வரையிலான 59.1 கிலோமீட்டரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கடக்கும் சுற்றுலா ரயிலை இழுத்துவருகிறது. இந்த நிதானத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரியை எந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

முதலில் அளவுகள். டெண்டரோடு சேர்த்து டி 51இன் நீளம் 19.73 மீட்டர். அதை 150ஆல் வகுத்தால் 131.5 மில்லிமீட்டர் வரும். கட்டோவின் இன்றைய டி 51 இந்தக் கணக்கை மதித்துச் செய்யப்பட்டது. இதைப் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. அதே நிறுவனத்தின் முந்தைய தலைமுறை நீராவி என்ஜின்கள் 1:150 என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தாலும், உண்மையில் அந்த அளவைவிடச் சற்றுப் பருத்தவை. அக்காலத்து மோட்டாரைக் கொதிகலனுக்குள் அடக்க வேண்டியிருந்ததால் கொதிகலன் தடித்தது; கொதிகலன் தடித்தபின் மற்ற உறுப்புகளையும் அதற்கேற்ப வளர்க்க வேண்டியதாயிற்று. தனியாக நின்றால் இந்தக் குறை தெரியாது. பின்னால் சரியான அளவிலான பயணிகள் பெட்டிகளைக் கோத்துவிட்டால், பெட்டியின் கூரைக்கு மேல் என்ஜின் ஓங்கி நிற்பது கண்ணை உறுத்தும். புதிய டி 51இல் அந்த உறுத்தல் இல்லை. கூரையும் கொதிகலனின் முதுகும் படங்களில் பார்ப்பதுபோலவே ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. பழைய மாதிரியையும் புதியதையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்பவர்கள் அதைத் தவறவிட வேண்டாம்.

ஆனால் அகலத்தில் கணக்கு இடிக்கிறது. இது கட்டோவின் பிழையன்று. ஜப்பானிய என் கேஜ் முறைக்குள்ளேயே பிறவியிலிருந்து இருந்துவரும் முரண். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் என்பது 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதையை 1:160 அளவில் சுருக்கியது. ஜப்பானின் பழைய பாதைகளோ 1,067 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. அவற்றில் ஓடும் வண்டிகளும் சிறியவை. அவற்றை 1:160 அளவில் செய்தால் மிகவும் குறுகிவிடும் என்பதால் 1:150 என்ற அளவு வழக்கத்துக்கு வந்தது. ஷின்கான்சென் மட்டும் அகலப் பாதையில் ஓடுவதால் 1:160 அளவிலேயே நின்றுவிட்டது. 1,067ஐ 150ஆல் வகுத்தால் 7.1 மில்லிமீட்டர், மாதிரி நிற்பதோ 9 மில்லிமீட்டரில். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். மூல அளவுக்குத் திருப்பிக் கணக்கிட்டால், டி 51 ஓடும் பாதை 1,350 மில்லிமீட்டராக அகன்றுவிட்டது என்று பொருள்.

இதன் விளைவு பக்கவாட்டில் தெரியாது. முன்னாலிருந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும். குறுகிய பாதையில் பெரிய கொதிகலனைத் தாங்கி நிற்பதுதான் ஜப்பானிய நீராவி என்ஜினின் முக அமைப்பு. மீட்டர் கேஜ் காலத்து நீராவி ரயில்களைப் பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தச் சாயல் சொல்லாமலே புரியும். மாதிரியில் சக்கரங்கள் சற்றே கால் அகட்டி நிற்பதால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடுகிறது; சிலிண்டர்களும் இணைப்புத் தண்டுகளும் அதற்கேற்ப வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன. கட்டோவின் வடிவமைப்பாளர்கள் அந்தத் தள்ளலைத் தேவையான அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. கொதிகலனின் பக்கவாட்டில் நீளும் நடைதட்டின் ஓரத்துக்குக் கீழே தண்டுகள் அடங்கி ஓடுகின்றன. மேலிருந்து பார்க்கும்போது அவை துருத்திக்கொண்டு நிற்பதில்லை. 1:80 அளவில் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் பயன்படுத்தும் பெரிய மாதிரிகளிலும் இதே முரண் இருப்பதை அறிந்தவர்கள் இதைக் குறையாகவே எண்ண மாட்டார்கள். எனக்கு இது குறைதான். ஆனால் இதற்காக மாதிரியை நிராகரிக்க மாட்டேன்.

தோற்றத்தில் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி 51இன் ஆரம்பகால என்ஜின்களில், புகைபோக்கிக்குப் பின்னால் நீண்ட உறையொன்று கொதிகலனின் முதுகை மூடியிருக்கும். அதனால் ரசிகர்கள் அவற்றை ஓடில்லாத நத்தையின் பெயரால் அழைப்பார்கள். 498 அதற்கு அடுத்து வந்த பொதுவடிவத்தைச் சேர்ந்தது. அதில் கொதிகலனுக்குச் செல்லும் நீரைச் சூடாக்கும் உருளை, புகைபோக்கிக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கும். டி 51க்கு முகத்தைக் கொடுப்பதே அந்த உருளைதான். மாதிரியில் அதன் பருமனும், புகைபோக்கியிலிருந்து அது நிற்கும் தூரமும் சரியாக அமைந்திருக்கின்றன. மணலும் நீராவியும் ஒரே உறைக்குள் அடங்கிய குவிமாடத்தின் முதுகு வளைவும் நன்றாக வந்திருக்கிறது. புகையை மேலே விலக்கும் பக்கத் தகடுகள் பிளாஸ்டிக்காலானவை என்று எண்ண முடியாத அளவுக்கு மெல்லியவை. தூக்கும்போது விரல் அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதிகலனின் மேல் ஓடும் குழாய்களில் தனி உறுப்பாகப் பொருத்தப்பட்டவையும் வார்ப்பிலேயே எழும்பியவையும் கலந்திருக்கின்றன. உருப்பெருக்கி இல்லாமல் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இயக்கச் சக்கரங்கள் ஆரக்கால் கொண்டவை அல்ல. டி 51க்கு உரிய, துளைகள் இட்ட பெட்டி அமைப்புச் சக்கரங்கள். அந்தத் துளைகளின் ஆழம்கூடச் சரியாக இருக்கிறது.

டெண்டரில் குவிந்திருக்கும் நிலக்கரி மட்டும் ஏமாற்றம். கரிய பிளாஸ்டிக்கில் வார்த்த மேடு அது. என்ஜினின் மற்ற பகுதிகளுக்கு இருக்கும் தரம் அதற்கு இல்லை. உண்மையான கரியை நுணுக்கி, நீரில் கரைத்த பசையால் அதன் மேல் ஒட்டிக்கொள்வது ஜப்பானிய ரசிகர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை. வண்ணப்பூச்சு சீரான கருமை. சுற்றுலா ரயிலை இழுக்கும் 498 துடைத்துப் பளபளப்பாக வைக்கப்படும் என்ஜின் என்பதால் அது பொருத்தமாகவே இருக்கிறது. 1960களில் சுரங்கங்களுக்குச் செல்லும் பாதைகளில் உழைத்த அழுக்கேறிய டி 51 வேண்டும் என்பவர்கள் பொதுவடிவ வெளியீட்டை வாங்கித் தாங்களே தூசும் துருவும் பூசிக்கொள்வது நல்லது.

இனி ஓட்டம்.

மாதிரி ரயிலை ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அதை மிக வேகமாக ஓட்டுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் எவ்வளவு வேகம் என்பது விளங்கும். 1:150 அளவில் ஒரு மீட்டர் தண்டவாளம் என்பது மூலத்தின் 150 மீட்டர். டி 51 தன் உச்ச வேகமான 85 கிலோமீட்டரில் ஓடினால், அந்த ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 6 விநாடிக்கு மேல் ஆக வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 18 விநாடி. நிலையத்தை விட்டுப் புறப்பட்டு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது 36 விநாடி. கடைகளின் காட்சி மேசைகளில் மூன்று விநாடிக்குள் ஒரு மீட்டரைக் கடந்து பாயும் நீராவி என்ஜின்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கணக்குப்படி மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டீசல், மின்சார என்ஜின்களில் இந்த மிகை வேகம் அவ்வளவாகத் தெரியாது. நீராவி என்ஜினில் தெரிந்துவிடும், ஏனெனில் அதன் உழைப்பு முழுவதும் வெளியே தெரியும் தண்டுகளில் இருக்கிறது. இங்கே ஒரு நல்ல பொருத்தம் உண்டு. தூரமும் சக்கரத்தின் விட்டமும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், அளவுக்கேற்ற வேகத்தில் ஓடும் மாதிரியின் சக்கரம் விநாடிக்கு எத்தனை முறை சுழல்கிறதோ அத்தனை முறைதான் மூல என்ஜினின் சக்கரமும் சுழலும். 1,400 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 4.4 மீட்டர், 15 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழல்கிறது. மாதிரியின் சக்கரம் 9.3 மில்லிமீட்டர், ஒரு மீட்டரை 36 விநாடியில் கடந்தால் அதுவும் அதே வீதத்தில் சுழலும். ஆகவே, எல்லாமே சுருங்கிய இந்த உலகில் தண்டுகளின் தாளம் மட்டும் சுருங்குவதில்லை. தகாசாகி நிலையத்தில் 498 புறப்படும்போது காணும் அதே நடையை, அதே கால அளவில், மேசையின் மேலும் காண முடியும். அந்த வேகத்தில் திணறாமல் ஓடும் என்ஜின் கிடைத்தால்தான் அது முடியும்.

கட்டோவின் டி 51 அப்படி ஓடுகிறது. அதற்கு முதன்மைக் காரணம் அதன் கோர்லெஸ் மோட்டார். வழக்கமான மோட்டாரில் கம்பிச்சுருள் ஓர் இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்டிருக்கும். அந்த இரும்பின் பற்களைச் சுற்றியுள்ள காந்தம் மாறிமாறிப் பிடித்து இழுப்பதால், மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் சுழற்சி விட்டுவிட்டு நடக்கும். என்ஜின் அசையாமல் நிற்கும், பிறகு திடீரென்று துள்ளும். கோர்லெஸ் மோட்டாரில் இரும்பு உள்ளகம் இல்லை. கம்பிச்சுருள் மட்டும் கூடுபோலச் சுழல்கிறது. எந்த நிலையிலும் காந்தத்தின் பிடி இல்லாததால் சுழற்சி வழுக்கிக்கொண்டு தொடங்குகிறது. மோட்டாரின் உருவம் சிறியதாக இருப்பதால் கொதிகலனையும் தடிக்கவைக்க வேண்டியதில்லை. முன்பு சொன்ன சரியான அளவும் இந்த நிதான நடையும் ஒரே உறுப்பிலிருந்து பிறந்தவை.

மின்திறன் கட்டுப்பாட்டுக் குமிழை மெல்லத் திருப்பினால், முதலில் முகப்பு விளக்கு மங்கலாக ஒளிர்கிறது. பிறகு இணைப்புத் தண்டு ஒரு மயிரிழை எழுகிறது. அதன் பின்னரே என்ஜின் நகர்வது தெரிகிறது. 36 விநாடிக் கணக்கை இது எளிதாக நிறைவேற்றுகிறது. சுத்தமான தண்டவாளத்தில் அதைவிட மெதுவாகவும் ஊர்கிறது. நான்கு சக்கரங்களை இணைக்கும் தண்டு, பிஸ்டனிலிருந்து வரும் முதன்மைத் தண்டு, வால்வை இயக்கும் வால்ஷார்ட்ஸ் அமைப்பின் சிறு நெம்புகோல்கள் ஆகிய அனைத்தும் தடங்கலின்றி, ஒன்றோடொன்று உரசாமல் அசைகின்றன. ஒரு சுற்றில் எங்கேனும் ஒரு புள்ளியில் சிக்கி நொண்டுவதுதான் சிறிய நீராவி மாதிரிகளின் பொதுவான நோய். இதில் அது இல்லை. நுணுக்கம் தேடுபவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உண்மையான என்ஜினில் ஓட்டுநர் திசையை மாற்றும்போதும், ஓட்டத்தின் நடுவே நீராவியின் அளவைக் குறைக்கும்போதும், வால்வுத் தண்டு தன் இருப்பிடத்தில் ஏறி இறங்கும். மாதிரியில் அது ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறது. முன்னோக்கிச் செல்லும்போது பொருந்தும் தோற்றம் பின்னோக்கிச் செல்லும்போது பொருந்தாது. இந்த அளவில் இதைத் திருத்த வேண்டும் என்று யாரிடமும் கேட்பது நியாயமில்லை.

மெதுவான ஓட்டத்துக்கு மோட்டார் மட்டும் போதாது. மின்சாரம் அறுபடாமல் வர வேண்டும். என்ஜினின் சக்கரங்கள் வழியாகவும் டெண்டரின் சக்கரங்கள் வழியாகவும் மின்சாரம் எடுக்கப்படுவதால், கிளைப்பாதைகளின் மின்சாரமற்ற சிறு இடைவெளிகளில் இது நின்றுவிடுவதில்லை. ஆனால் தண்டவாளம் தூசு படிந்திருந்தால் இதுவும் மற்றவற்றைப் போலவே விக்கும். ஓட்டத் தொடங்குமுன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஒருமுறை துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். கோர்லெஸ் மோட்டாருக்கு இன்னொரு கவனமும் தேவை. குறைந்த அதிர்வெண்ணில் மின்துடிப்புகளை அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய வகைக் கருவிகளில் நெடுநேரம் ஓட்டினால் இத்தகைய மோட்டார்கள் சூடேறக்கூடும். சீரான நேர்மின்னோட்டம் தரும் சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவியே இதற்கு ஏற்றது.

இழுவைக்கு வருவோம். இயக்கச் சக்கரங்களில் ஓரிணைக்கு மெல்லிய ரப்பர் வளையம் இடப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் இத்தனை இலேசான என்ஜினுக்குப் பிடிப்பே கிடைக்காது. சமதளத்தில், தகாசாகியின் பழைய வகைப் பயணிகள் பெட்டிகள் ஏழையும் இது முகம் சுளிக்காமல் இழுத்துச் செல்கிறது. ஏற்றத்தில் நிலைமை வேறு. ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் உயரும் ஏற்றமும் அதோடு வளைவும் சேர்ந்தால், ஏழு பெட்டிகளோடு சக்கரங்கள் வழுக்கத் தொடங்குகின்றன. நான்கு பெட்டிகளோடு நிதானமாக ஏறிவிடுகிறது. உண்மையான ஜப்பானிய முதன்மைப் பாதைகளில் நூற்றுக்கு நான்கு என்ற ஏற்றம் அரிதினும் அரிது. அத்தகைய ஏற்றத்தை நாம்தான் மேசையின் இடநெருக்கடிக்காகக் கட்டுகிறோம். நீராவி என்ஜினுக்காகவே பாதை அமைப்பவர்கள் ஏற்றத்தை அதில் பாதியாகக் குறைத்துக்கொண்டால் நல்லது. அல்லது இரண்டு டி 51களை இணைத்து ஓட்டலாம். அதற்கான முன்பக்க இணைப்பி பெட்டியிலேயே வருகிறது.

வளைவுகளைப் பற்றியும் இதே தொனியில்தான் பேச முடியும். தொடக்கநிலைத் தொகுப்புகளில் கிடைக்கும் 315 மில்லிமீட்டர் ஆர வளைவு, மூல அளவில் 47 மீட்டர் ஆரம். 20 மீட்டர் நீளமுள்ள உண்மையான டி 51ஐ அப்படியொரு வளைவில் விட்டால் தடம் புரண்டுவிடும். மாதிரி புரளாமல் ஓடுகிறது என்பது அதைச் செய்தவர்களின் திறமை. ஆனால் அதற்காக முன் அச்சு வளைவின் உட்புறமாக நகர்வதும், என்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே இடைவெளி விரிவதும் கண்ணில் படத்தான் செய்யும். கட்டோவின் தண்டவாள வரிசையில் 718 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைவுகள் கிடைக்கின்றன. இடமுள்ளவர்கள் பெரிய வளைவுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். இடமில்லாதவர்கள் வட்டத்தைக் கைவிட்டு, ஒரு நீண்ட நேர்பாதையும் சிறு நிலையமும் மட்டும் அமைத்து, புறப்பாட்டையும் வருகையையும் ரசிக்கலாம். இந்த என்ஜினின் சிறப்பு அதன் முதல் ஒரு மீட்டரிலேயே இருப்பதால், அதில் இழப்பு ஒன்றுமில்லை.

புகையும் ஒலியும் என்ஜினுக்குள் இல்லை. ஒலி வேண்டுமென்றால் கட்டோவே தனியாக விற்கும் ஒலிப்பெட்டியை மின்திறன் கருவிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இணைத்து, அதில் டி 51க்குரிய அட்டையைச் செருக வேண்டும். மின்னழுத்தம் கூடினால் புகைபோக்கியின் மூச்சு வேகமெடுக்கும். ஊதலையும் பொத்தானால் எழுப்பலாம். ஒலியின் தரம் நன்று. ஆனால் ரயில் மேசையின் மறுகோடிக்குப் போன பிறகும் ஒலி நம் கையருகிலிருந்தே வருவது சில நிமிடங்களில் சலிப்பூட்டுகிறது. நான் பெரும்பாலும் அதை அணைத்துவிட்டே ஓட்டுகிறேன்.

மாற்றாகக் கருதத்தக்கவற்றைப் பற்றிச் சில சொற்கள். மைக்ரோ ஏஸ் நிறுவனம் தனித்தனி எண்களுக்குரிய டி 51 மாதிரிகளை ஏராளமாக வெளியிட்டிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பணிமனையின் குறிப்பிட்ட ஓர் என்ஜின்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த வரிசையே புகலிடம். டோமிக்ஸ் நிறுவனத்தின் நீராவி என்ஜின்களும் நன்றாகச் செய்யப்பட்டவையே. ஒட்டியும் பற்றவைத்தும் கட்டும் பொறுமை இருந்தால், வேர்ல்ட் கோகேய் நிறுவனத்தின் பித்தளைத் தொகுப்புகளில் கிடைக்கும் நுணுக்கத்துக்கு எந்தப் பிளாஸ்டிக் மாதிரியும் ஈடாகாது. விலையும் அதற்கேற்றபடி பன்மடங்கு. பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவுடனே மெதுவாக ஓட வேண்டும் என்பது ஒருவரின் முதல் விருப்பமானால், நான் கட்டோவையே பரிந்துரைப்பேன். 1965இல் ஜப்பானின் முதல் உள்நாட்டு என் கேஜ் மாதிரியை, அதுவும் சி 50 என்னும் நீராவி என்ஜினை, வெளியிட்ட நிறுவனம் அது. இத்துறையில் அவர்கள் பெற்ற பட்டறிவு இந்த டி 51இல் புலப்படுகிறது.

புதிய டி 51 பத்தாயிரம் யென்னுக்கு மேல் விலையுள்ளது. கட்டோ ஒரு வெளியீட்டை விற்றுத் தீர்த்தபின் அடுத்த உற்பத்திவரை இடைவெளி விடும் என்பதால், தேடும் நேரத்தில் கடையில் இல்லாமலும் போகலாம். தோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் பழைய மாதிரிகளை வாங்கி விற்கும் கடைகள் பல உள்ளன. அங்கே வாங்கும்போது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறதா, புகை விலக்கும் தகடுகள் நேராக நிற்கின்றனவா, துணைப் பொருள்களின் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னது விலையையே மாற்றும். ஷின்ஜுகு வட்டாரத்தின் நிஷி ஓச்சியாய் பகுதியில் கட்டோவின் சொந்தக் காட்சிக்கடை இருக்கிறது. வாசலில் கெய்க்யூ ரயில்வேயின் பழைய மின்சாரப் பெட்டியொன்று முழு உருவில் நிறுத்தப்பட்டிருப்பதால் இடத்தைத் தவறவிட முடியாது. இந்நிறுவனம் உறுப்புகளைத் தனித்தனியாகவும் விற்பதால், தேய்ந்த சக்கரத்துக்காகவோ ஒடிந்த தகட்டுக்காகவோ முழு என்ஜினையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வுறுப்புகளும் என்ஜின் உற்பத்தியாகும் காலத்தை ஒட்டியே எளிதில் கிடைக்கும் என்பதால், ரப்பர் வளையம் இட்ட சக்கர இணை ஒன்றை அப்போதே கூடுதலாக வாங்கிவைப்பது நல்லது.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எடுத்துச் செல்பவர்கள் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். என்ஜின் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதால், அங்கே விற்கப்படும் மின்திறன் கருவியின் இணைப்பான் (அடாப்டர்) அதற்கு மட்டுமே ஏற்றதாகச் செய்யப்பட்டிருக்கக்கூடும். அப்படிப்பட்டதை நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் கருகிவிடும். இணைப்பானின் முதுகில் அச்சிட்டிருக்கும் மின்னழுத்த வரம்பைப் படித்துப் பார்த்து, 100 வோல்ட் மட்டுமே என்றிருந்தால், போதிய திறனுள்ள மின்மாற்றியை நடுவில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.